ஓரச் சிப்பாய் ஒரு கட்டம்

அத்தியாயம் 7

"அத்தான், கையை உள்ளே விடுங்க."

"எதுக்குள்ளே?"

"ஃப்ளஷ் டேங்குக்குள்ளேதான். வேற எதுக்குள்ளே?"

நான் டேங்கைப் பார்த்தேன். உள்சுவரெல்லாம் துரு. அதன்மேல் பாசி. தண்ணீர் நின்ற நிறத்துக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. நேற்று சோதனை போடுகிறேன் என்று இந்தப் பெண்கள் கழிவறைக்குள் புகுந்த ஆண்கள் அத்தனை பேரும் செருப்புச் சேற்றைத் தரையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஒரு புண்ணியவான் வந்த வேலையோடு சொந்த வேலையையும் முடித்துக்கொண்டு தண்ணீர்கூட ஊற்றாமல் போயிருந்தான். 

"பாஸ், துப்பறியறதுன்னா தொப்பி, கறுப்புக் கண்ணாடி, துரத்தல் எல்லாம் இருக்கும்னு சொல்லித்தானே உங்க அக்கா என்னை அனுப்பிவச்சா?"

"அக்கா அப்படியா சொன்னா? என்கிட்ட 'மனுஷன் வீட்ல உட்கார்ந்து பேப்பர்ல ஆறு வித்தியாசம் கண்டுபிடிச்சே உயிரை வாங்கறார், நீ எங்கேயாவது இழுத்துக்கிட்டுப் போ'ன்னுதான் சொன்னா. கையை விடுங்க."

வீட்டில் அவள் எனக்கு மச்சினி. என் கம்பெனி இழுத்து மூடப்பட்டதிலிருந்து, வெளியில் அவள் எனக்கு பாஸ். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டு, கையை விட்டேன்.

வழக்கு இதுதான். தேசிய செஸ் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று நேற்று இந்தக் கட்டடத்தில் நடந்தது. ஆடியவர்களில் ஒரே பெண் எங்களிடம் வந்திருக்கும் பல் டாக்டர். பகலில் பல் பிடுங்குவார், சாயங்காலம் எதிராளியின் ராஜாவைப் பிடுங்குவார். இரண்டு வருஷம் முன்புவரை யாருக்கும் தெரியாத ஆட்டக்காரி, இப்போது நாட்டு அணியில் இடம் கிடைக்கும் தூரத்தில் நிற்கிறார். நேற்று அவர் 'மீசை' என்று எல்லாரும் கூப்பிடும் பழைய சாம்பியனோடு மோதினார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது போட்டிச் செயலாளருக்கு ஒரு அநாமதேயப் போன் வந்தது. பெண்கள் கழிவறையில், ஃப்ளஷ் டேங்குக்குள் பாருங்கள் என்றது. பார்த்தார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு செல்போன் உள்சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தது. போனில் செஸ் ஆடும் மென்பொருள், அதில் அவருடைய ஆட்டத்தின் அதே நிலை, அடுத்து என்ன ஆடவேண்டும் என்ற யோசனையோடு. டாக்டர் பலகையில் ஆடியதும் அதே நகர்த்தல்தான்.

அவ்வளவுதான், ஊரே காறித் துப்பியது. இன்று சாயங்காலம் கமிட்டி கூடி ஆயுள் தடை விதிக்கப்போகிறது. அணியில் இடம் போகும், பெயர் போகும். திருடியிடம் யார் வாயைத் திறந்து காட்டுவார்கள்? கிளினிக்கும் போகும்.

"தொட்டேன் பாஸ். டேப் ஒட்டின தடம் இருக்கு."

"இப்போ அங்கேயே புது டேப்பை ஒட்டுங்க. பிரிங்க. அதையே திரும்ப ஒட்டுங்க."

முதல் தடவை ஒட்டுவதற்கே சுவரைத் துணியால் துடைக்க வேண்டியிருந்தது. பிரித்து மறுபடி ஒட்டியபோது, ஈரம் பட்ட டேப் செத்த பல்லி மாதிரி தண்ணீரில் விழுந்தது. கையை வெளியே எடுத்தேன். முழங்கைவரை துரு, நகக்கண்ணில் பாசி. என் சொந்தக் கையை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தது.

"நேத்து போனைக் கண்டுபிடிச்சப்போ டேப் பசை போட்டமாதிரி கெட்டியா ஒட்டியிருந்ததாம்," என்றாள் பாஸ். "ஒரு தடவை ஒட்டினது. போனை எடுத்துப் பார்க்க யாரும் பிரிக்கவே இல்லை. எனக்கு இது போதும். கமிட்டிக்குப் போதாது, அவ கையோட ரெண்டாவது டேப் கொண்டுவந்தான்னு சொல்லுவாங்க."

வெளியே நடையில் காவலுக்கு இருந்த அம்மா என் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"நேத்து டாக்டர் இங்கே எத்தனை தடவை வந்தாங்கம்மா?" என்று பாஸ் கேட்டாள்.

"ஒரே தடவைதான். வெள்ளைச் சட்டை, முழுக்கை. வரும்போதும் வெள்ளை, போகும்போதும் வெள்ளை. உங்க ஆளு மாதிரி கொழகொழன்னு இல்லை."

"அவங்களைத் தவிர வேற யாராவது?"

"ஆட்டம் ஆரம்பிச்சா இந்த நடையில ஈ காக்கா நுழைய முடியாது. ஆடறவங்களை வாசல்லயே கருவி வச்சுத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவோம். பார்க்க வர்றவங்களுக்குக் கீழே தனி ஹால், சுவத்துல பெரிய திரை. அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்க வேண்டியதுதான்."

"ஆட்டத்துக்கு முன்னால?"

"முன்னாலன்னா கதவு எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கும். கூட்டுறவங்க வருவாங்க, நாற்காலி போடறவங்க வருவாங்க. டாக்டரம்மா வீட்டுக்காரர் வருவாரு. அவரைச் சொல்லணும், தங்கம்! அம்மாவுக்கு அசிங்கம் ஆகாதாம். தினமும் பிரஷ்ஷும் பினாயிலுமா வந்து தன் கையாலயே தேய்ச்சுக் கழுவிட்டுப் போவாரு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தாது."

இந்தச் செய்தி என் மனைவி காதுக்குப் போகக்கூடாது என்று பாஸிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

* * *

அடுத்து மாஸ்டர். டாக்டருக்கு முதலில் செஸ் சொல்லிக்கொடுத்தவர். ஒரு வருஷம் முன்பு டாக்டர் இவருடைய வகுப்பை விட்டு நின்றார். அன்றிலிருந்து மாஸ்டர் போகிற இடமெல்லாம், 'அவ மூளையில வளரலை, மெஷின்ல வளர்றா' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். விரோதம் கையெழுத்தோடு இருந்ததால் என் சந்தேகம் அவர்மேல்தான்.

பயிற்சி மையம் ஒரு மாடியில். வாசலில் குவிந்து கிடந்த ஷூக்களின் நாற்றத்தை ஏசி போட்டு நன்றாகக் குளிர வைத்திருந்தார்கள். சுவரில் 'முப்பதே நாளில் சாம்பியன்' என்று மாஸ்டரின் படம். படத்துக்குக் கீழே மாஸ்டரே உட்கார்ந்து நகத்தைக் கடித்து, கடித்ததைச் செஸ் பலகையின்மேல் துப்பிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கட்டத்தில் இரண்டு, கறுப்புக் கட்டத்தில் ஒன்று.

"பிடிச்சாங்களா, கழுவற மீன்ல நழுவற மீனைப் பிடிச்சாங்களா!" என்று சிரித்தார். "அப்பவே சொன்னேன். பொம்பளைங்க பல்லைப் பிடுங்கலாம், செஸ் வேற. உட்காருங்க."

உட்காரும் இடத்தில் நகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அவங்க ஏன் உங்களை விட்டுப் போனாங்க?" என்றாள் பாஸ்.

"திமிர். நான் சொல்லிக்கொடுக்கறது பொறி. எதிரி இதை வெட்டினா அவன் ராணி காலி, அதைத் தொட்டா அவன் யானை காலி. பத்துப் பொறி மனப்பாடம் பண்ணா பத்துப் பேரை ஜெயிக்கலாம். அவ என்ன கேட்டா தெரியுமா? 'பதினோராவது ஆளு பொறியில விழலைன்னா நான் என்ன பண்ணணும்?' எப்படி இருக்கு?"

"நியாயமான கேள்வியா இருக்கு," என்றேன்.

"என்ன நியாயம்? ஜெயிச்ச ஆட்டத்தைப் போட்டுக் காட்டினா பார்க்க மாட்டா. தான் தோத்த ஆட்டத்தை எடுத்து வச்சுக்கிட்டு, எந்த இடத்துல தன் ஆட்டம் கெட ஆரம்பிச்சுதுன்னு நோண்டுவா. ஒரே ஆட்டம், ராத்திரி பகலா. குதிரைக்கு எந்தக் கட்டம் வீடு, எந்தச் சிப்பாயைத் தள்ளினா பின்னால ஓட்டை விழும்னு. இதெல்லாம் ஆராய்ச்சி. காலேஜ்ல போய்ப் பண்ணு, என் வகுப்புல எதுக்கு?"

சொல்லிவிட்டு இன்னொரு நகத்தைத் துப்பினார். கெட்டிக்காரியைக் கண்டு பயந்த ஆள், அந்தப் பயத்தையே ஒரு வருஷமாக வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

பாஸ் குழைந்து பேசினாள். அவள் குழைந்தால் எனக்குப் பயம் வரும். "மாஸ்டர், ஒரு ஆசைக்குக் கேக்கறேன். நேத்து அவங்க உங்க மாணவியாவே இருந்திருந்தா, மீசைக்கு எதிரா எப்படி ஆடச் சொல்லியிருப்பீங்க?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. காய்களை அடுக்கி, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டே மளமளவென்று நகர்த்திக் காட்டினார். ராஜா பக்கத்துச் சிப்பாய் முன்னால் பாய்ந்தது, மந்திரி பறந்தது, ராணி வெளியே வந்து நின்றது. "மீசை மட்டும் இதை வெட்டினான், செத்தான்!"

"வெட்டலைன்னா?"

"அவன் வெட்டுவான்."

படி இறங்கும்போது நான் கர்ச்சீப்பை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொண்டேன். எதையும் தொடவில்லை, இருந்தாலும் துடைத்தேன். "இவன்தான் பாஸ். மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

"மூஞ்சியில எழுதியிருக்கறதெல்லாம் குத்தம்னா உங்களையும் உள்ளே போடணும் அத்தான். அவர் நகர்த்தினதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. வாங்க."

* * *

கமிட்டி அறையில் மூன்று பேர். மூன்று பேருமே பழைய ஆட்டக்காரர்கள். நடுவில் உட்கார்ந்திருந்த செயலாளர் கார் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்து வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியானதும் மேஜை விரிப்பின் ஓரத்தில் தேய்த்தார். அந்த மேஜையின்மேல் பிஸ்கட் தட்டு இருந்தது. ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். விரதம் என்று சொல்லிவிட்டேன்.

"ஆதாரத்தை யாருக்கும் காட்ட முடியாதும்மா," என்றார். "டாக்டருக்கே காட்டலை. காட்டினா ஏதாவது கதை கட்டுவா. அவ மாட்டிக்கிட்டதுல எங்களுக்கும் வருத்தம்தான்."

வருத்தத்தில் இருந்த மூன்று பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பத்து வருஷமாக ஒருவருக்கொருவர் தோற்றுக்கொண்டிருந்த கும்பலில், வெளியிலிருந்து ஒருத்தி வந்து எல்லாரையும் ஜெயித்தால், அவள் விழும் நாள் இவர்களுக்குப் பண்டிகை.

"காட்ட வேண்டாம் சார், விளக்குங்க," என்றாள் பாஸ். "எனக்குச் செஸ் அரைகுறை. இவருக்குச் சுத்தம். மூணு பெரிய ஆட்டக்காரங்க பார்த்து முடிவு பண்ணது சரின்னு எங்களுக்குப் புரிஞ்சா, நாங்களே போய் டாக்டரை ஒப்புக்கச் சொல்லிடறோம். உங்களுக்கும் விசாரணை நீளாது."

விசாரணை நீளாது என்றதும் செயலாளர் சாவியை மேஜைமேல் போட்டார். இரண்டு போட்டோக்களை எடுத்து வைத்தார். ஒன்று டேங்கில் கிடைத்த போனின் திரை. மற்றது அதே சமயத்தில் கீழ் ஹாலில் தெரிந்த பெரிய திரை. "பார்த்தாலே தெரியும். நாங்க மூணு பேரும் பார்த்த மாத்திரத்துல சொல்லிட்டோம், ரெண்டும் ஒண்ணுதான்னு. மீசை செக்குமாடு மாதிரி, எப்பவும் ஒரே வட்டத்துலதான் சுத்துவான். அவனை உடைக்கிற ஆட்டம் இது. இதைக் கண்டுபிடிக்க மனுஷ மூளை பத்தாது."

எனக்குச் செஸ்ஸில் குதிரையைத் தவிர எதையும் அடையாளம் தெரியாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம் இருந்தால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். அதுதான் என் வியாதி. பார்த்தவுடன் ஒரு இடைஞ்சல். ஹால் திரையில் டாக்டரின் வெள்ளைக் காய்கள் கீழே இருந்தன, போனில் மீசையின் கறுப்புக் காய்கள் கீழே. போன் போட்டோவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்லை சார், ஆறு வித்தியாசம்."

ஒரு காயாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூலையிலிருந்து ஆரம்பித்து, வரிசை வரிசையாக. மற்ற ஐந்து வித்தியாசம் கிடைக்கவில்லை. ஒன்று கிடைத்தது.

"பாஸ், இந்த ஓரத்துல நிக்கிற வெள்ளைப் பொடியன். ஹால் திரையில ஒரு கட்டம்தான் ஏறியிருக்கான். போன்ல ரெண்டு கட்டம் ஏறியிருக்கான்."

அறையில் பிஸ்கட் மெல்லும் சத்தம் நின்றது. மூன்று பேரும் குனிந்தார்கள். மூன்று தலையும் இடித்துக்கொண்டன.

"ஓரச் சிப்பாய்..." என்றார் ஒருவர்.

"எப்படி விட்டோம்?" என்றார் இன்னொருவர்.

"உங்களுக்குச் செஸ் தெரியுங்கறதால விட்டீங்க," என்றாள் பாஸ். "இவர் காயைப் பார்த்தார், நீங்க ஆட்டத்தைப் பார்த்தீங்க. தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா மூக்குத்தி மாறியிருக்கறதா கண்ணுல படும்?"

செயலாளர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "கைப்பிசகா வச்சிருப்பா. டாய்லெட்ல அவசரம்."

"போன் உங்ககிட்டதானே இருக்கு? பின்னால போற பொத்தானை அமுக்குங்க."

அமுக்கினார். போனில் ஆட்டம் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிப் போனது. ஓரச் சிப்பாயின் முறை வந்தது. இரண்டு கட்டம் பின்னால் தாவி, தன் வீட்டில் போய் உட்கார்ந்தது.

"காயைத் தூக்கி வச்சதில்லை சார். முதல் நகர்த்தல்ல இருந்து ஆடிக் கொண்டுவந்திருக்கு. டாக்டர் தன் ஆட்டத்தையே போன்ல போட்டிருந்தா, தான் தள்ளின சிப்பாயைத் தானே எப்படி மறப்பாங்க? இப்போ நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு அந்தக் கழிவறைக்குள்ளே போகக்கூடியவங்க யாரு?"

"டாக்டர் மட்டும்தான். அதைத்தானே நாங்களும் சொல்றோம்?"

"அவங்க ஆட்டம் இந்தப் போன்ல இல்லை. வேற யாரும் உள்ளே போகலை. அப்படின்னா இந்த நிலை எப்போ போன்ல ஏறிச்சு?"

 நானே சொன்னேன். "ஆட்டத்துக்கு முன்னாலயே!"

"மீசை செக்குமாடு, எந்த வழியில வருவார்னு எல்லாருக்கும் தெரியும். டாக்டர் எந்த வழியில போவாங்கன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்து, வரப்போற நிலையை முன்கூட்டியே போன்ல ஏத்தி, டேங்க்ல ஒட்டிட்டு, கீழே ஹால்ல உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. நிலை வந்ததும் உங்களுக்குப் போன். வந்தது ஒரு நம்பர் மாறின பஸ், அதை அவரும் கவனிக்கலை. ஏன்னா அவரும் உங்களை மாதிரி ஆட்டக்காரர்."

"டாக்டரே முன்கூட்டி போட்டு வச்சிருக்கலாமே?" செயலாளருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை.

"ஆடறது வெள்ளை. போன்ல வச்சிருக்கறது மட்டும் கறுப்புப் பக்கத்துல இருந்தா? அப்புறம் பலகையில உட்கார்ந்துக்கிட்டே தன்னைப் பத்தித் தானே போன் பண்ணிக் காட்டியும் கொடுத்தாங்களா?"

செயலாளர் சாவியை எடுத்து மறுபடி காதில் விட்டார். கொஞ்ச நேரம் குடைந்தார். பிறகு கொஞ்சம்கூடக் கூசாமல், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா. நாளைக்குக் கடைசிச் சுற்று அவங்க தாராளமா ஆடலாம்" என்றார். கூட இருந்த இரண்டு பேரும் தங்களுக்கும் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் முன்னால் இவர்கள்தான் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குச் சங்கு ஊதத் தயாராக இருந்தார்கள். டேங்குத் தண்ணீரே தேவலை என்று எனக்கு இருந்தது.

போட்டோக்களின் பிரதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"மாஸ்டர் மாட்டிக்கிட்டான்!" என்றேன்.

"மாஸ்டர் காட்டின ஆட்டத்துல ஓரச் சிப்பாய் நகரவே இல்லை. முதல் நகர்த்தலே வேற. அவருக்குப் பொறியைத் தவிர எதுவும் தெரியாது, டாக்டர் இப்போ என்ன ஆடறாங்கன்னு சுத்தமாத் தெரியாது. யோசிங்க அத்தான். போன்ல கறுப்பு ஏன் கீழே இருக்கு?"

"பிடிச்சவன் தலைகீழாப் பிடிச்சிருப்பான்."

"கறுப்புப் பக்கம் உட்கார்ந்தே பழகின கை அது. தினமும் மீசையா நடிச்சு, டாக்டருக்கு எதிர்ல உட்கார்ந்து, இந்த ஆட்டத்தை ஆடி ஆடிப் பார்த்த கை."

நான் நடப்பதை நிறுத்தினேன். பினாயில் வாசனை மூக்கில் அடித்தது மாதிரி இருந்தது.

* * *

காத்திருப்பு அறையில் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பக்கத்தில் கணவர், ஒரு கையில் மனைவியின் கைப்பை, மறு கையில் தண்ணீர் பாட்டில். காலேஜ் நாளில் சாம்பியனாம். இப்போது மனைவிக்குப் பை தூக்குவதே பெருமை என்று காலையில் எங்களிடம் கண் கலங்கியிருந்தார். நான்கூட அவர் தோளைத் தட்டிக்கொடுத்திருந்தேன்.

"உங்களுக்குத் தடை இல்லை டாக்டர். நாளைக்கு ஆடறீங்க," என்றாள் பாஸ்.

டாக்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். கணவர், "நான்தான் சொன்னேனே, அந்த மாஸ்டர் வேலைதான்னு!" என்றார். கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னார்.

பாஸ் இரண்டு போட்டோவையும் டாக்டர் மடியில் வைத்தாள். ஆதாரத்தை டாக்டர் பார்ப்பது அப்போதுதான் முதல் தடவை. அவருக்கு ஆறு வித்தியாசம் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. விரல் நேராக ஓரச் சிப்பாயிடம் போய் நின்றது.

"இது நான் ஆடினது இல்லை," என்றார். "இது நாங்க வீட்ல..."



"வீட்ல கறுப்புப் பக்கம் யார் டாக்டர் உட்காருவாங்க?" என்று பாஸ் கேட்டாள். இப்போது குழையவில்லை.

 டாக்டர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் போட்டோவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தினமும் தேய்த்துக் கழுவிய கைகள் பாட்டிலை நசுக்கின.

"நீங்களா?" என்றார் டாக்டர்.

"நான்... உனக்கு ஒண்ணும் ஆகவிட்டிருக்க மாட்டேன். கடைசிவரைக்கும் உன் பக்கம் நின்னிருப்பேன்." பேசப் பேச அவருக்குத் தைரியம் வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு வருஷமா எதிர்ல உட்கார்ந்து தோத்துக் கொடுத்தவன் யாரு? மீசையோட ஆட்டத்தை எல்லாம் தேடி எடுத்து, எங்கே உடைக்கலாம்னு கண்டுபிடிச்சவன் யாரு? அந்த ஆட்டமே என்னுது! கைதட்டல் உனக்கு. என்னை எவனாவது பேர் சொல்லிக் கூப்பிடறானா? 'டாக்டரோட வீட்டுக்காரர்.' கக்கூஸ் கழுவறவன்!"

"நான் கழுவச் சொன்னேனா?"

"சொல்லலை. ஆனா தடுக்கவும் இல்லையே!"

காலையிலிருந்து நான் பார்த்த துரு, பாசி, நகம், காதழுக்கு எல்லாம் ஒரு சோப்புக்கட்டியில் போகும் சமாச்சாரம். இந்த ஆள் பினாயிலும் பிரஷ்ஷுமாக, காவலுக்கு நின்ற அம்மாவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டே, பெண்டாட்டிக்குக் குழி வெட்டியிருக்கிறார். இவர் தோளைத் தட்டிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பல்வலிக்காரரிடம் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டார். "முன்னாலயே போன்ல போட்டு வச்சிட்டீங்களே. நான் வேற மாதிரி ஆடிட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கலையா?"

"நீ எப்பவும் நான் சொன்னதைத்தான் ஆடுவே."

"ரெண்டு கட்டம் தள்ளச் சொன்னீங்க. தள்ளினா பக்கத்துக் கட்டம் காவல் இல்லாம போகுது. மீசையோட குதிரை அதுல வந்து உட்கார்ந்தா எழுப்பவே முடியாது. ஒரு கட்டம் மட்டும் தள்ளினா அந்த ஓட்டை அடைஞ்சுடும். ஆட்டத்தன்னைக்குக் காலையில பல் தேய்க்கும்போது எனக்குத் தெரிஞ்சுது."

கணவரின் உதடுகள் அசைந்தன. மன்னிப்புக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, கண்ணை மூடிக்கொண்டு குதிரையை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, "ஆமா... குதிரை" என்றார். பிறகு கோபமாக, "இதை என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றார்.

"அவ்வளவு ஆசையாக் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க. அதுல ஓட்டைன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

 எனக்கு வழக்கமாக வரும் ஜோக் வரவில்லை.

டாக்டர் எழுந்தார். கணவர் கையிலிருந்த தன் கைப்பையைத் திறந்து, பல் பார்க்கும்போது போடும் ரப்பர் கையுறை இரண்டை உருவினார். ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"வீட்டுச் சாவியைக் கொடுங்க."